படைக்கோலமும் மீள்போரியலும்

முன்னர் உண்மையாக நிகழ்ந்த போரொன்றை, அல்லது நிகழ்ந்ததென ஒரு மக்களினம் வழிவழியாகப் போற்றிவரும் போரொன்றை, அக்காலத்து உடையும் படைக்கலமும் அணிவகுப்பும் பூண்டு, எவர்க்கும் உயிர்க்கேடு நேராவண்ணம் களத்தில் மீண்டும் நிகழ்த்துதலை மீள்போர் என்போம். அதில் படையாளாகக் கோலம் பூண்டு நிற்பவர் மீள்படையாளர். அவர்தம் நடையையும் சுமையையும் மூச்சையும் களைப்பையும் அளந்து, அவ்வளவைகளின் வழியே பழம்போரின் இயல்பை உய்த்துணரும் துறை மீள்போரியல். கூத்திலும் போர் உண்டு. ஆனால் கூத்தன் அணியும் மரத்தோள்வளைக்கு உண்மை அணியின் எடை இருத்தல் வேண்டுவதில்லை. படைப்பயிற்சியிலும் அணிவகுப்பு உண்டு. ஆனால் அது வரும் போரை நோக்குவது, மீள்போர் கழிந்த போரை நோக்குவது. இவ்விரண்டு வேறுபாடுகளும் தெளிந்தால் இத்துறையின் எல்லை தெளியும்.

போரைப் பற்றி ஏடுகள் சொல்வன பல. இன்னார் படை எடுத்தார், இன்ன இடத்தில் பொருதார், இன்னார் தோற்றார் என அவை உரைக்கும். ஆயின் ஏந்திய பரிசை எத்துணை நாழிகைக்குப்பின் தோளை வலிக்கச் செய்தது, முழக்கம் எத்துணைத் தொலைவு எட்டிற்று, ஈர மணலில் ஓடிய கால் எங்கே தளர்ந்தது என்பவற்றை ஏடெழுதினோர் எழுதவில்லை. அவர் காலத்தார் அனைவர்க்கும் அவை தெரிந்திருந்தமையின் எழுதவேண்டிய தேவை எழவில்லை. எல்லாரும் அறிந்ததே முதலில் மறக்கப்படுகிறது. அம்மறதியை மீட்கும் அளவுக்கருவிதான் படைக்கோலம். வெப்பமானி வெப்பத்தை அளப்பதுபோல், சரியான எடையிலும் சரியான தைப்பிலும் அமைந்த கோலம் அக்கால உடலின் உழைப்பை அளக்கிறது. பழையோரின் எண்ணத்தை நம் உள்ளத்தில் மீண்டும் எண்ணிப் பார்ப்பதே வரலாற்றறிவு என்று ஆங்கில மெய்யியலார் காலிங்குவுட்டு கருதினார். அக்கருத்தைத் தாங்கிய அவர் நூல் அவர் மறைந்தபின் 1946இல் வெளிவந்தது. எண்ணத்திற்கு அவர் தந்த இடத்தை உடலுக்கும் தரவேண்டும் என்பது என் துணிபு.

போரை வகைப்படுத்தும் முறை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் புறத்திணையை ஏழாக வகுத்து, ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், படையெடுத்துச் செல்லுதலை வஞ்சி என்றும், அரண் முற்றுகையை உழிஞை என்றும், நேர்நின்று பொருதலைத் தும்பை என்றும் பெயரிட்டது. அப்பெயர்கள் யாவும் பூக்களின் பெயர்கள் என்பதும், அப்பூக்கள் படையாளர் சூடுவனவாக மரபில் விளங்குதலும் மீள்போரியலார் ஊன்றி நோக்கத்தக்கவை. போரின் படிநிலையும் படையாளின் கோலமும் ஒரே குறியீட்டால் சுட்டப்பட்ட ஒழுங்கு அது. இன்றைய மீள்போர்களையும் இத்திணைகளின்கீழ் வகுத்தல் இயலும்: இங்கிலாந்தில் 1968இல் தோன்றிய மீள்போர்க் கழகத்தார் நடத்தும் ஈட்டியணி மோதல்கள் தும்பையாகும்; பெட்ரோகிராடு நகரில் 1920இல் ஆயிரக்கணக்கானோர் கூடிக் குளிர்கால அரண்மனையைக் கைப்பற்றிக் காட்டிய பெருநிகழ்வு உழிஞையாகும். வேற்று நாட்டார் செயலையும் நம் இலக்கணம் தாங்குகிறது.

இனி நம் அண்மைக்கு வருவோம். திருவனந்தபுரத்தின் தொடர்வண்டி நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்த தம்பானூரில் இறங்கி, கிழக்குக்கோட்டை நோக்கிச் சிறிது தொலைவு நடந்தால் பதுமநாபர் திருக்கோவிலை அடையலாம். அங்குப் பங்குனித் திருவிழாவின்போது, கிழக்கு வாயிலின்முன் பாரதத் தொன்மத்து ஐவரின் பெரும்பாவைகள் நிறுத்தப்படுகின்றன. அப்பாவைகளின் எதிரே நூற்றுவர் படையாகக் கோலம் பூண்டோர் வேலகளி ஆடுகின்றனர். இவ்வாடல் அம்பலப்புழையில் தோன்றியது. செம்பகச்சேரி அரசின் படைத்தலைவராகிய மாத்தூர்ப் பணிக்கர் மக்களின் மறப்பண்பை வளர்க்க இதனைப் பேணினார் என்பது மரபு. ஆடுவோர் பழைய நாயர் படையாளரின் கோலத்தில் வெள்ளை முண்டும் வண்ணத் தலைப்பாகையும் மணிமாலையும் அணிந்து, ஒரு கையில் வண்ணம் தீட்டிய பரிசையும் மறுகையில் வாளோ நீண்ட பிரம்போ ஏந்தி, மத்தளமும் இலைத்தாளமும் கொம்பும் குழலும் முழங்க அணியணியாய் முன்னேறுவர், வளைவர், பின்வாங்குவர்.

இங்கே கருதத்தக்க இயல்பு ஒன்று உண்டு. உயிருள்ள ஆடவர் ஏற்பது தோற்கும் படையின் கோலம். வென்ற ஐவரோ அசையாத பாவைகள். வெற்றி நிலையாய் நிற்கிறது. தோல்வியே அசைந்து, ஆடி, வியர்த்து, பின்வாங்குகிறது. தமிழகத்திலும் இதற்கு உறவான மரபுகள் உள. வடதமிழகத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் கூத்து நாள்தோறும் வளர்ந்து, இறுதியில் மண்ணால் அமைத்த துரியோதனனின் மாபெரும் உருவம் நிலத்தில் கிடக்க, அதன்மேல் வீமன் கோலத்தார் ஏறிப் பொருதலோடு படுகளம் முடிகிறது. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் பொன்னர் சங்கர் படுகளத்தில் படையாளராக வருவோர் களத்தில் வீழ்ந்து கிடக்க, பின்னர் அவர்கள் எழுப்பப்படுகின்றனர். வென்றோரின் பெருமிதத்தைக் காட்டிலும் வீழ்ந்தோரின் நிலையை உடலால் உணர்வதையே இம்மரபுகள் நாடின எனக் கருதுகிறேன். மீள்போர் நடத்தும் எக்குழுவுக்கும் முதலில் எழும் இடர், தோற்கும் படையில் நிற்பார் யார் என்பதே; நம் மரபு அவ்விடரை எழுமுன்னரே தீர்த்து வைத்தது.

வழிபாட்டோடு வரலாற்றுப்போரின் நினைவும் கலந்த களம் ஒன்று கொல்லம் மாவட்டத்து ஓச்சிறையில் உள்ளது. கருவறை எழுப்பாமல் ஆலமரங்களின்கீழ்ப் பரம்பொருளை வழிபடும் இடம் அது. அங்கே படைநிலம் என வழங்கும் பரந்த களத்தில், மிதுனத் திங்களின் முதல் இரண்டு நாள்களில், காயங்குளம் அரசர் அண்டை அரசரோடு பொருத போர்களின் நினைவாக ஓச்சிறக் களி நிகழ்கிறது. மழை பெய்து முழங்காலளவு நீர் தேங்கிய நிலத்தில், கோலும் வாளும் பரிசையும் ஏந்திய குழுக்கள் எதிரெதிர் நின்று, நீர் தெறிக்கப் பொருகின்றன.

நீரில் நின்று பொருதல் காண்போர்க்கு விளையாட்டாகத் தோன்றலாம். இயற்பியல் நோக்கில் அது பெரும்பாடம். நீரின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. ஓடும் உடலை எதிர்க்கும் தடைவிசை அடர்த்தியோடு நேராகவும் விரைவின் இருபடியோடும் பெருகுவது. எனவே நீருக்குள் காலை இருமடங்கு விரைவாக வீசினால் தடை நான்கு மடங்காகும். அதற்கு ஈடாக உடல் வெளியிடவேண்டிய திறன் எட்டு மடங்காகும். இதனாலன்றோ ஓச்சிறைக் களத்தில் பழகியவர் நீரைக் கிழித்து ஓடாமல், முழங்காலை நீர்மட்டத்துக்குமேல் உயர்த்திக் குதித்துக் குதித்து முன்னேறுகின்றனர்! காலை உயர்த்துவதற்கு ஆகும் செலவு நீரைத் தள்ளுவதற்கு ஆகும் செலவினும் குறைவு என்பதை அவர்தம் உடல் கணக்கிட்டுவிட்டது. நெல்வயலும் காயலும் ஓடையும் நிறைந்த இந்நாட்டில் நடந்த போர்களின் விரைவை நிலப்படத்தின் தொலைவைக்கொண்டு கணித்தல் பிழை. முழங்கால் நீரின் கணக்கையும் சேர்த்தல் வேண்டும்.

இதற்கு இணையான ஆய்வொன்றை இங்கிலாந்தின் லீட்சு பல்கலைக்கழகத்தார் செய்து 2011இல் வெளியிட்டனர். படைக்கலக் காட்சியகத்தில் மெய்ம்மறை அணிந்து போர் செய்துகாட்டும் பழக்கமுடையோரை, 30 முதல் 50 கிலோ வரை எடையுள்ள இரும்பு மெய்ம்மறையுடன் ஓடுபட்டைப் பொறியின்மேல் நடக்கவும் ஓடவும் செய்து, அவர் உட்கொண்ட உயிர்வளியை அளந்தனர். மெய்ம்மறையின்றி நடப்பதற்கு ஆகும் ஆற்றலைப்போல் இருமடங்குக்கும் மிகுதியான ஆற்றல் செலவாயிற்று. அதே எடையை முதுகுப் பையில் சுமந்தால் இத்துணைச் செலவு இல்லை. ஏழெட்டுக் கிலோ எடை காலிலேயே பூட்டப்பட்டிருந்தமையின், ஒவ்வோர் அடியிலும் அவ்வெடையை வீசவேண்டியிருந்தது. மார்பை இறுக்கிய தகடுகள் ஆழ்ந்த மூச்சைத் தடுத்துச் சிறுமூச்சை விரைவாக வாங்கச் செய்தன. 1415இல் அசின்கோர்ட்டுக் களத்தில் உழுத சேற்றில் நடந்துவந்த பிரெஞ்சு மறவர், பகைவரை அடையுமுன்னரே ஏன் சோர்ந்தனர் என்பதற்கு இவ்வளவை விடையளித்தது. அவ்வாய்வில் அளவைப் பொருளாய் நின்றவர் மீள்படையாளரே என்பதை மறத்தல் ஆகாது. பழகாத ஒருவர் அம்மெய்ம்மறையை அணிந்திருந்தால், மெய்ம்மறையின் சுமையும் பழகாமையின் சுமையும் ஒன்றோடொன்று கலந்து அளவு பாழாகியிருக்கும்.

இவ்வொளியில் நாயர் படையாளரின் கோலத்தை நோக்கினால் அதன் அமைதி புலனாகும். திறந்த மார்பும் இடையில் முண்டும் கையில் பரிசையும் உடைய அக்கோலத்தை வறுமையின் அடையாளமாகக் கண்ட அயலார் உண்டு. வெப்ப இயல் வேறு கூறுகிறது. விரைந்து நடக்கும் படையாளின் உடல் மணிக்கு 350 கிலோகலோரி அளவில் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுசெல்லும். ஆகவே மணிக்கு 600 கிராம் வியர்வை தோலின்மேல் முழுதும் ஆவியாதல் வேண்டும். வழிந்து ஓடினாலோ தடித்த துணியில் ஊறினாலோ அதன் பயன் குறையும். ஈரக்காற்று நிறைந்த இக்கடற்கரையில் ஆவியாதல் இயல்பாகவே மெதுவாக நிகழ்வது. அதனால் மேனியைத் திறந்து வைத்து, பாதுகாப்பை உடலினின்று பிரித்துக் கையில் ஏந்தும் பரிசையில் வைத்தமை தட்பவெப்பத்துக்கு ஏற்ற பொறியறிவு. மெய்ம்மறை நிலையான காப்பு. பரிசை நகரும் காப்பு. நகரும் காப்புக்குப் பயிற்சி மிகுதியாய் வேண்டும். அப்பயிற்சிக்கெனவே களரிகள் எழுந்தன. நாற்பத்தீரடி நீளமும் அதிற்பாதி அகலமும் கொண்டு நிலமட்டத்தைவிடத் தாழ அகழ்ந்த களரித்தரையில் மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை எனப் படிப்படியாகப் பயிற்றுவிக்கும் முறை இன்றும் உயிரோடுள்ளது. கிழக்குக்கோட்டையில் 1956 முதல் இயங்கும் சி.வி.என். களரி இதற்குச் சான்று. மீள்போர் ஆய்வுக்கு வேண்டிய, பழக்கம் நிறைந்த உடல்கள் தம்பானூரிலிருந்து நடந்துசெல்லும் தொலைவிலேயே ஆயத்தமாக உள்ளன என்பது சிறுபேறு அன்று.

ஒலியின் கணக்கும் இத்துறையில் இனியது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நிமையத்துக்கு 120 அடி நடக்கும் படையில் அடிக்கு அரை நொடி. அணியின் முன்னே ஒரு மத்தளம் மட்டும் முழங்கினால், 170 மீட்டர் பின்னே நடப்பவர்க்கு அம்முழக்கம் அரை நொடி தாழ்த்துச் சென்றடையும். முன்னவர் வலக்கால் ஊன்றும் நொடியில் பின்னவர் இடக்கால் ஊன்றுவார். அணி ஒழுங்காகவே நடக்கும். ஆயினும் இருமுனையும் எதிரெதிர்க் காலில் நடக்கும். இடையில் 85 மீட்டர் தொலைவில் நிற்பவர்க்கோ முன்னவர் கால் பாதி தூக்கிய நிலையில் அடி விழும். எனவேதான் நீண்ட படைகளில் முழவுகளை ஓரிடத்தில் குவிக்காமல் அணி நெடுகப் பரப்பினர். கண்ணால் காணும் கொடியைக் காதால் கேட்கும் முரசுக்குத் துணையாக்கினர். கோவில் முற்றத்தின் வேலகளி அணி குறுகியது. அதனால் ஒரே இசைக்குழுவின் தாளத்தில் அனைவரும் ஒத்து அடிவைக்க முடிகிறது. அதே ஆடலை அரைக்கல் நீளத்துக்கு நீட்டினால் இசைக்குழுவையும் பிரித்தாக வேண்டும்.

வெடிபடைக்கலங்கள் வந்தபின் கண்ணும் மறைக்கப்பட்டது. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும் 15 பங்கு கரியும் 10 பங்கு கந்தகமும் கூடிய கருமருந்து எரியும்போது, அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு வளியாக மாறுவதில்லை. நுண்ணிய திண்மத் துகளாகச் சிதறி வெண்புகையாகிறது. பயின்ற படையாள் ஒருவர் நிமையத்துக்கு மூன்று முறை சுடுவாராயின், காற்றசையாத நாளில் சில நிமையங்களிலேயே அணிக்கு முன்னே புகைச்சுவர் எழும். துமுக்கி அணிகள் பளிச்சிடும் நிறத்தில் உடை அணிந்தமைக்கு இப்புகையும் ஓர் ஏது என்பர். குண்டில்லாமல் மருந்தை மட்டும் நிறைத்துச் சுடும் மீள்படையாளர், ஏடுகளில் படித்த இச்செய்தியைக் கண்ணெரிச்சலோடு கற்கின்றனர். பகைவரைக் குறிவைத்துச் சுட்டனர் என்னும் பிற்கால ஓவியங்கள் பலவற்றை அவர்கள் அதன்பின் நம்புவதில்லை.

இத்துறையின் எல்லையையும் நேர்மையாகக் குறித்தல் கடமை. எடையை மீட்கலாம், வெப்பத்தை மீட்கலாம், புகையையும் மீட்கலாம். இறப்பச்சத்தை மீட்க இயலாது. மீட்க முயன்றவர் கொடியோராயினர். பொதுவூழிக்கு முன் 46ஆம் ஆண்டில் உரோம நகரில் சீசர் நீர்நிலை அகழ்ந்து நடத்திய கடற்போர்க் காட்சியில் சிறைப்பட்டோர் உண்மையாகவே பொருது மாண்டனர். அதனை மீள்போர் என்னும் பெயரால் அழைக்க நம் வரையறை இடந்தராது. மாறாக, 1985இல் செருமானிய அறிஞர் யுங்கெல்மான் தோழர் சிலரோடு உரோமப் படையாளரின் முழுச்சுமையையும் தாங்கி வெரோனாவிலிருந்து ஆல்ப்சு மலையைக் கடந்து அவுகசுபர்கு வரை நடந்தார். அங்கே பகைவர் இல்லை, மோதல் இல்லை. காலணியின் தேய்வும் தோளின் காய்ப்பும் உணவின் அளவும் மட்டுமே ஆராயப்பட்டன. மோதலைக் காட்டும் நிகழ்வுகளைவிட அந்நடை வஞ்சித்திணையின் மெய்ம்மையை நமக்கு மிகுதியாகத் தந்தது என்பேன். கெட்டிசுபர்க்குப் போரின் ஐம்பதாம் ஆண்டில், 1913இல், அப்போரில் உண்மையாகவே பொருத முதியோர் இருபுறத்தாரும் பழைய களத்தில் மீண்டும் நடந்துசென்று, இடைநின்ற கற்சுவரின்மேல் கைகுலுக்கினர். அங்கு அளவை ஏதும் இல்லை. ஆயினும் அதனை இத்துறையினின்று விலக்க எனக்கு உள்ளம் வரவில்லை.

தென்திருவிதாங்கூரின் தலையாய போர் மீள்போரியல் முறையில் ஆராயத்தக்க பொருளாக நம் முன் கிடக்கிறது. 1741ஆம் ஆண்டு ஆடித் திங்களில் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மரின் படை ஒல்லாந்தரை வென்றது. சிறைப்பட்டோருள் ஒருவராகிய தெ லன்னாய் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவராகி, மேலைநாட்டு அணிவகுப்பை அதற்குப் பயிற்றுவித்து, 1777இல் மறைந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார். குளச்சலில் வெற்றித்தூண் நிற்கிறது. 1956 முதல் அவ்வூர் தமிழகத்தில் உள்ளது. அப்போரைப் பற்றி மக்களிடையே ஒரு வாய்வழிச் செய்தி வழங்குகிறது. கடற்கரையில் வாழ்ந்த முக்குவர் தம் துடுப்புகளைத் தோளில் சாய்த்து அணியாக நின்றனர் என்றும், கலத்திலிருந்து நோக்கிய பகைவர் அவற்றைத் துமுக்கி எனக் கருதி அஞ்சினர் என்றும் கூறுவர். மீனவர் படைக்கோலம் பூண்ட இந்நிகழ்வை மறுப்பதும் ஏற்பதும் வெறும் விருப்பத்தால் ஆகாது; ஆய்வால் ஆகவேண்டும்.

ஆய்வின் அடிப்படை எளியது. ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் அதில் ஒரு கூறே நலமான கண்ணின் பிரிதிறன். அக்கணக்கின்படி ஒரு கிலோமீட்டர் தொலைவில் 29 செ.மீ.க்குக் குறைந்த அகலத்தைக் கண் பிரித்தறியாது. 15 செ.மீ. அகலமான துடுப்பின் இலையை ஏறத்தாழ 500 மீட்டர் வரையிலும், 3 செ.மீ. பருமனான துமுக்கிக் குழலை ஏறத்தாழ 100 மீட்டர் வரையிலும் அகலத்தால் வேறுபடுத்தலாம். அதற்கப்பால் இரண்டும் தோளிலிருந்து எழும் கோடுகளே. ஒன்று இருப்பது தெரியும், இன்னதென்பது தெரியாது. ஆனால் ஒல்லாந்தர் நாடு தொலைநோக்கி தோன்றிய நாடு. 1608இலேயே அங்கு அக்கருவி அறியப்பட்டிருந்தது. பத்து மடங்கு பெருக்கும் தொலைநோக்கி கையிலிருந்தால் துடுப்பின் இலையை 5 கிலோமீட்டரிலும் பிரித்தறியலாம் என்று தாளில் கணக்கிடலாம். கடலில் அவ்வாறு நிகழுமா? அசையும் கலத்தின்மேல் நின்று பத்து மடங்கு பெருக்கினால் அசைவும் பத்து மடங்கு பெருகும். சூடான மணலின்மேல் எழும் கானல் கோடுகளை நெளியச் செய்யும். மாலை மங்கலில் கண்ணின் பிரிதிறன் பெரிதும் தாழும். இவற்றுள் எது வெல்லும் என்பதைத் தாள் சொல்லாது.

ஆதலின் அக்கரையின் மீனவர்களே கோலம் பூண்டு இரண்டு அணியாக நிற்றல் வேண்டும். ஓரணி துடுப்பும் மற்றோரணி அக்காலத்து நீளமும் பருமனும் உடைய மரத்துமுக்கியும் ஏந்துக. எவ்வணி எதை ஏந்தியது என்பதை அறியாத நோக்குநர் கடலில் படகிலிருந்து, வெறுங்கண்ணாலும் பழைய ஒளியியல் அளவில் அமைந்த தொலைநோக்கியாலும், 300 மீட்டரில் தொடங்கித் தொலைவைக் கூட்டிக்கொண்டே சென்று தம் முடிபைக் குறிப்பேட்டில் பதிக. ஒவ்வொரு தொலைவிலும் அணிகளின் இடத்தைக் குலுக்கல் முறையில் மாற்றுக. இரண்டையும் வேறுபடுத்த இயலாமற்போகும் தொலைவு, கலங்கள் நின்றிருக்கக்கூடிய தொலைவினும் குறைவாயின், அவ்வாய்வழிச் செய்தி இயலக்கூடியது என்று மட்டும் கொள்ளலாம். நிகழ்ந்தது என்பதற்குச் சான்று வேறு வேண்டும். ஆய்வும் ஆடித் திங்களிலேயே நடைபெறுதல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் அலையும் முகிலும் ஒளியின் சாய்வும் 1741இல் இருந்த நிலைக்கு அண்மையில் அமைவது அப்போதுதான்; ஆனால் அக்காற்றில் சிறுபடகைக் கடலில் நிறுத்துவது அரிது. அதனால் நோக்குநரின் படகைச் செலுத்தும் பொறுப்பும் கரையில் கோலம் பூணும் பொறுப்பைப் போலவே குளச்சல் மீனவரிடம் ஒப்படைக்கப்படுதல் வேண்டும்.